திங்கள், புதன், வெள்ளி

மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில்
நான்கு மணி நேரம் உட்கார
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
இரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம்
ஏழு கோடு கிழித்தேன்.
பென்சிலால்தான்.

பாண்டிச்சேரி, தஞ்சாவூர். இரண்டே ஊர்.
சிப்காட்டில் முப்பத்தோரு வருஷம் ஷிப்ட் பார்த்தவர்
கேட்டது இவ்வளவுதான்.
கல்யாணமான புதிதில் மகாபலிபுரம் போனோம்.
அன்றும் இரவு ஷிப்ட்டுக்குத் திரும்பிவிட்டார்.

திங்கள். பதினொன்றரைக்கு ஊசியைப் பிடுங்குவார்கள்.
ஒரு மணி நேரம் தலை சுற்றும்.
மாலை பஸ். ஜன்னலோரம் எனக்கு.
ஊசிக் கையை யாரும் இடிக்காத பக்கம் அவருக்கு.
இரண்டும் ஒரே சீட்.

செவ்வாய். அருங்காட்சியகம், அரிக்கமேட்டு மணிகள்:
ரோமாபுரிக்குப் போனவை போக
போகாமல் தங்கியவை.
கடற்கரைச் சாலையில் மாலைக்கு மேல்
வண்டி விடமாட்டார்கள், நடக்கலாம்.
எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை.
ஆயி மண்டபம்,
ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவள் நினைவாகக் கட்டியதாம்.
அங்கே நின்று அவளிடம் என்ன சொல்வது,
இவருக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
மாத்திரைக்கு நூறு போக அறுநூறு.

புதன். பாண்டியில் மெஷின் உண்டா என்று போன் செய்தேன்.
“இந்தக் கார்டு இங்க ஓடாதும்மா,
நீங்க தமிழ்நாடு.”
இருபத்திரண்டு கிலோமீட்டர்.
இங்கே கூரையைத் தூக்குகிற புயல்தான் அங்கேயும்.
ரொக்கம் எவ்வளவு என்று கேட்டு
வளையல் பக்கம் பார்க்காமல் எழுதிக்கொண்டேன்.

வியாழன். திரும்பவும் கடலூர் வந்துதான் ரயில்.
திருப்பாப்புலியூர் ஸ்டேஷனிலிருந்து வீடு ஏழு நிமிஷம்.
வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று
அடிக்கோடு போட்டேன்.
நுழைந்தால் அவர் படுத்துவிடுவார்.
அவர் படுத்தால் நான்
துணி ஊறவைத்துவிடுவேன்.
கொள்ளிடம் பாலத்தில் எழுப்ப வேண்டும்.
அவர் கையிலேயே ஒரு ரயில் இருக்கிறது,
நரம்பைச் சேர்த்துத் தைத்த இடத்தில்.
இரவில் அது ஓடுகிறதா என்று
தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.

வெள்ளி. தஞ்சாவூரில் போனை எடுத்த பையன் ரெக்ஸ்லின்.
பேஷண்ட் பெயர்? தனவேல். வயது? அறுபத்திரண்டு.
காலை ஷிப்ட் நிரம்பிவிட்டது,
யாராவது வராவிட்டால் சொல்கிறேன் என்றான்.
வராவிட்டால் என்றால் என்ன என்று
அவன் விளக்கவில்லை.
இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நானும்
கேட்கவில்லை.

சனி. இது முழுக்க அவர் நாள்.
கலைக்கூடத்தில் ஒரு வெண்கலச் சிவன்,
மாட்டின் மேல் கையை ஊன்றி நிற்பவன்.
மாடு இல்லை.
எப்போதோ காணாமல் போய்விட்டது,
சாய்ந்தது சாய்ந்தபடி கை மட்டும்.
கம்பெனி டைரியில் வந்த படத்தைக் கத்தரித்து
லாக்கருக்குள் ஒட்டியிருந்தாராம்.
முப்பத்தோரு வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை.
“விழாம எப்படி நிக்கிறான்னு பாக்கணும்.”
பெரிய கோயிலை நான்தான் சேர்த்தேன்.
வெயிலுக்கு முன். கல் சுடும்.
காலுறை இரண்டு ஜோடி.

ஞாயிறுக்கு என்ன எழுத, என்றேன்.
மெஷின் கத்தியது. ஜெசிந்தா சிஸ்டர் வந்து
எதையோ அழுத்திவிட்டுப் போனாள்.
கண்ணைத் திறக்காமலே
“ஒரு சொம்பு மோர். முழுசா” என்றார்.
அது ஊரும் இல்லை, இடமும் இல்லை.
இருநூறு மில்லி என்று எழுதினேன்.

இரவு ஒன்பதுக்குத் தஞ்சாவூர் எண்.
“வெள்ளி காலையில ஒரு இடம் வந்திருக்கும்மா.”
ரெக்ஸ்லின் குரலில் ஒன்றும் இல்லை.
சரி என்றேன்.
யாருடையது என்று கேட்க வாயெடுத்தபோது
வைத்துவிட்டிருந்தான்.
வெள்ளிக்கு நேரே காலை என்று எழுதி
அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினேன்,
அழுத்தி.
தூங்குகிறவர் கையைத் தொட்டேன்.
ஓடிக்கொண்டிருந்தது.